ஆறு நிமிடப் பாடம், பிறகு மறுபாடம்

வாசகர் கேள்வி – பதில்

மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கான நுண்ணிலைக் கற்பித்தல், அதாவது கல்லூரிகளில் எல்லாரும் மைக்ரோ டீச்சிங் என்று சொல்வது, பற்றி வந்த கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

கேள்வி: மருந்தியல் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பதவி உயர்வுக்கு மருத்துவக் கல்வித் தொழில்நுட்ப அடிப்படைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பதால் போகிறேன். அதில் ஆறு நிமிடம் பாடம் எடுக்கச் சொல்லி வீடியோ எடுப்பார்களாம். தினமும் ஒரு மணி நேரம் லெக்சர் எடுப்பவர் ஆறு நிமிடத்தில் என்ன காட்டிவிட முடியும்? (சேலம் வாசகர்)

ஒரு மணி நேரப் பாடத்தை ஆறு நிமிடத்துக்குள் அடைக்க வேண்டும் என்றுதான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 40 ஸ்லைடோடு வந்து, ஒன்பதாவது ஸ்லைடில் மணி அடித்ததும் விழிக்கிறார்கள். இதில் நேரம் மட்டும் குறைவதில்லை. வகுப்பில் ஐந்து முதல் பத்துப் பேர்தான் இருப்பார்கள், பாடப்பொருள் ஒரே ஒரு கருத்து, கவனிக்கப்படும் திறனும் ஒன்றே ஒன்று. ‘பீட்டா பிளாக்கர்கள்’ என்பது நுண்பாடத்துக்குப் பெரிது. அந்த வகை மருந்துகளில் ஒன்றை மட்டும் எடுத்து, ‘ஆஸ்துமா நோயாளிக்கு புரோப்ரனலால் ஏன் கொடுக்கக் கூடாது’ என்றால் அளவாக இருக்கும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1963 வாக்கில் டுவைட் ஆலனும் அவருடைய சகாக்களும் பள்ளி ஆசிரியர்களுக்காக உருவாக்கிய முறை இது. நம்மூரில் பி.எட். படித்தவர்களுக்குப் பழைய சரக்கு. மருத்துவ ஆசிரியர் பக்கம் இதைக் கொண்டுவந்ததில், புதுச்சேரி ஜிப்மரில் 1970களில் தொடங்கிய தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் போன்றவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தியாவில் என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு) வகுத்த நேரக்கணக்கு இது: பாடம் 6 நிமிடம், பின்னூட்டம் 6, திருத்தித் திட்டமிடுவது 12, மறுபாடம் 6, மறு பின்னூட்டம் 6. ஆக 36 நிமிடம். முதல் 12 நிமிடத்தோடு ‘நேரமாச்சு’ என்று மூட்டை கட்டும் பயிற்சிகள் நிறைய. அப்படி முடிந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு விமர்சனம் மட்டும்தான். திருத்தியதைச் சுடச்சுட இன்னொரு முறை செய்து பார்க்கும்போதுதான் பழக்கம் மாறத் தொடங்குகிறது. போகும் இடத்தில் மறுபாடம் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால், இடைவேளையிலாவது நான்கு பேரைப் பிடித்து வைத்து எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி மருத்துவக் கல்விப் பிரிவில் 12 பேருக்குப் பயிற்சி. ஆளுக்கு 36 நிமிடம் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாதி நாள்தான் தருகிறார்கள். மறுபாடத்தை விடுவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா? (திருச்சி வாசகர்)

இருக்கிறது. திருத்தித் திட்டமிடும் அந்த 12 நிமிடத்தில் அறை சும்மாதான் கிடக்கிறது. அதில் அடுத்தவரை ஏற்றுங்கள்.

முதலாமவர் 0 முதல் 12ஆவது நிமிடம் வரை பாடமும் பின்னூட்டமும் முடித்துவிட்டு வெளியே போய்த் திட்டமிடுவார். 12 முதல் 24 வரை இரண்டாமவர். 24இல் முதலாமவர் திரும்பி வந்து மறுபாடமும் மறு பின்னூட்டமும் முடிப்பார். அந்த நேரம் இரண்டாமவருக்குத் திட்டமிடும் நேரம். 36 முதல் 48 வரை இரண்டாமவரின் மறுபாடம். தனித்தனியாக எடுத்தால் 72 நிமிடம் ஆகும் இரண்டு பேர் 48 நிமிடத்தில் முடிந்துவிடுவார்கள். 12 பேரை ஆறு ஆறாகப் பிரித்து இரண்டு அறையில் நடத்தினால் 2 மணி 24 நிமிடம். மூன்று அறை கிடைத்தால் 1 மணி 36 நிமிடம்.

இதில் சிக்கல் ஆள்கணக்கில் வரும். ஆறு பேர் அறையில் ஒருவர் பாடம் எடுக்கிறார், ஒருவர் வெளியே திட்டமிடுகிறார், ஒருவர் கேமராவும் கடிகாரமும் பார்க்கிறார், ஒருவர் குறிப்பெடுக்கிறார். மாணவராக உட்கார இரண்டே பேர்தான் மிச்சம். அறைக்கு நான்கைந்து எம்பிபிஎஸ் மாணவர்களையோ பயிற்சி மருத்துவர்களையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சக ஆசிரியர்கள் மாணவராக நடிப்பதைவிட அது எப்படியும் மேல். இருபது வருடம் பாடம் நடத்தியவர் ‘தெரியாதது போல’ உட்கார்ந்தால் ஒன்று அதிகமாக நடிப்பார், அல்லது பேராசிரியரை மடக்கும் கேள்வி கேட்பார்.

ஐந்தாவது நிமிடம் ஒரு முறையும் ஆறாவது நிமிடம் இரண்டு முறையும் மணி. இரண்டாவது மணிக்கு வாக்கியம் பாதியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். துறைத் தலைவருக்கும் அதே மணிதான்.

கேள்வி: வீடியோ கேமரா வாங்க நிதி கேட்டுக் காத்திருக்கிறோம். அதுவரை செல்ஃபோனில் எடுக்கலாமா? ஒரு முறை முயன்றதில் திரை வெள்ளையாகவும் முகம் கறுப்பாகவும் வந்தது, படத்தில் கோடு கோடாக ஓடியது, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. (தஞ்சாவூர் வாசகர்)

காத்திருக்க வேண்டாம், ஃபோன் போதும். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் குரல். இந்தப் பயிற்சியில் படத்தைவிட ஒலி முக்கியம். மங்கலான படத்தை வைத்துப் பேசிவிடலாம், கேள்வி காதில் விழாத வீடியோ எதற்கும் ஆகாது. நாலைந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஃபோன் ஆசிரியரின் குரலோடு ஃபேன், ஏசி, சுவரின் எதிரொலி எல்லாவற்றையும் சேர்த்து வாங்கும். சட்டையில் குத்தும் காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே மாட்டுங்கள். புடவை மடிப்பிலும் துப்பட்டாவிலும் உரசாத இடமாகப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோட்டின் மடிப்பு வசதியான இடம், ஆனால் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட வேண்டும். அது மைக்கில் மோதும் சத்தம் ஆறு நிமிடமும் கேட்கும். மாணவர் பதிலும் பதிவாக வேண்டும் என்பதால், இன்னொரு ஃபோனை ஒலிப்பதிவில் போட்டு அவர்கள் மேசை நடுவில் வைத்துவிடுங்கள். தொடங்கும்போது ஒரு கைதட்டு. இரண்டு பதிவையும் பிறகு பொருத்த அந்தச் சத்தம் உதவும்.

திரை வெள்ளை, முகம் கறுப்பு: புரொஜெக்டர் வெளிச்சத்தைப் பார்த்து ஃபோன் தானாக ஒளியளவைக் குறைத்துக்கொள்கிறது. ஆசிரியர் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒளியளவும் குவியமும் பூட்டிக்கொள்ளும். திரையில் இருப்பது தெரியாமல் போகும், போகட்டும். ஸ்லைடு உங்கள் கையில்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு எதிராக ஆசிரியரை நிறுத்தக் கூடாது.

கோடு ஓடுவது: நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதில் எரியும் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். ஃபோன் விநாடிக்கு 30 படம் எடுப்பதால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. அமைப்பில் 25 படம் இருந்தால் அதை வையுங்கள். ஷட்டர் வேகத்தை நாமே வைக்க முடிந்தால் ஐம்பதில் ஒரு விநாடி.

ஃபோனை ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும் ஃபோன்கள் உண்டு, நின்றது யாருக்கும் தெரியாது. 1080 தரத்தில் நிமிடத்துக்கு 100 எம்பிக்கு மேல் இடம் பிடிக்கலாம். 12 பேர், ஆளுக்கு இரண்டு பதிவு என்றால் 144 நிமிடம், அதாவது 14 ஜிபியைத் தாண்டலாம். 720 தரமே தாராளம். ஸ்டாண்டை மாணவர் வரிசைக்குப் பக்கவாட்டில், உட்கார்ந்தவர் கண் உயரத்துக்குச் சற்று மேலே வையுங்கள். ஆசிரியர் இடுப்புக்கு மேலும், முன்வரிசையில் இரண்டு மாணவர் முகமும் ஒரே சட்டத்தில் வர வேண்டும். மாணவர் முகம் தெரியாத பதிவில் பாதிக் கதைதான் இருக்கும்.

கேள்வி: எந்தத் திறனில் தொடங்குவது? பட்டியலில் தொடங்குதல், பல்வகைத் தூண்டல், கிளர்வினா, வலுவூட்டல், முடித்தல் என்று நிறைய இருக்கிறது. (கோவை, மதுரை வாசகர்கள்)

எங்கள் பரிந்துரை கிளர்வினா, அதாவது மாணவர் சொன்ன பதிலிலிருந்தே மேலும் தூண்டிக் கேட்பது. மருத்துவ ஆசிரியர்கள் மிகவும் சறுக்கும் இடம் அதுதான், வீடியோவில் பளிச்சென்று தெரிவதும் அதுதான்.

ஒரு மாதிரிப் பதிவு இப்படி இருக்கும். ஆசிரியர்: “வலது பக்க ஹார்ட் ஃபெயிலியர்ல கால் ஏன் வீங்குது?” ஒரு விநாடி. “சொல்லுங்க, யாராவது?” இன்னொரு விநாடி. “ஓகே, வெயின்ல பிரஷர் கூடுது, கேப்பிலரில இருந்து ஃப்ளூயிட் வெளிய வருது. புரிஞ்சுதா?” நான்கு குரல் ஒன்றாக: “புரிஞ்சுது மேடம்.”

பாடம் எடுத்தவரைக் கேட்டால் ‘கேள்வி கேட்டேன், பதில் வரவில்லை, நானே சொன்னேன்’ என்பார். கடிகாரத்தை வைத்துப் போட்டுக் காட்டுங்கள். கேள்விக்கும் அவர் மறுபடி வாய் திறந்ததற்கும் இடையே ஒரு விநாடி. அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டதும் இதுதான். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத மாணவர்களும் பேசினார்கள்.

மறுபாடத்துக்கு ஒரே ஒரு மாற்றம்தான் தர வேண்டும். கேள்வி கேட்டதும் மனதுக்குள் ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று எண்ணிவிட்டுத்தான் பேச வேண்டும். அதே பாடம் இப்போது இப்படிப் போகும்:

“வலது பக்க ஹார்ட் ஃபெயிலியர்ல கால் ஏன் வீங்குது?”

மூன்று விநாடி அமைதி.

“ஹார்ட் சரியா பம்ப் பண்ணாததால மேடம்.”

“சரி. வலது பக்கம் வாங்கித் தள்ளாத ரத்தம் எங்க தேங்கும்?”

“வெயின்ல.”

“அப்ப கேப்பிலரில?”

“ஹைட்ரோஸ்டேட்டிக் பிரஷர் கூடும். ஃப்ளூயிட் வெளிய வரும்.”

அடுத்த மாணவரைப் பார்த்து: “ஏன் முதல்ல கால்ல?”

“நிக்கறதால… கிராவிட்டி.”

“இந்த நோயாளி ஒரு வாரமா படுத்தே இருக்காரு. இப்ப எங்க அழுத்திப் பார்ப்பீங்க?”

நீண்ட அமைதி. “முதுகுக்குக் கீழ, சாக்ரம்ல.”

அரைகுறைப் பதிலை எடுத்து மேலே தூண்டியது, கேள்வியை இன்னொருவரிடம் திருப்பியது, தெரிந்ததை வேறு சூழலில் பொருத்தச் சொன்னது என்று கிளர்வினாவின் உறுப்புகள் பெரும்பாலும் இதற்குள் வந்துவிட்டன. சாக்ரம் என்ற பதில் ஸ்லைடில் இருந்திருந்தால் ஒருவருக்கும் மனதில் நின்றிருக்காது.

“புரிஞ்சுதா?” என்பதையும் எண்ணுங்கள். அது கேள்வி மாதிரி ஒலிக்கும், ஆனால் அதற்கு ‘இல்லை’ என்று சொல்லும் மாணவரைக் காண்பது அரிது.

கேள்வி: பயிற்சி ஒன்றில் மூத்த பேராசிரியர் எல்லார் முன்னிலையிலும் வீடியோவை நிறுத்தி நிறுத்தி என் உச்சரிப்பைக் கிண்டல் செய்தார். இதற்கு ஒழுங்குமுறை ஏதும் கிடையாதா? (ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

உண்டு. நன்றாக நடத்துபவர்கள் வீடியோவில் கை வைக்கும் உரிமையைப் பாடம் எடுத்தவருக்கே தருவார்கள். நிறுத்துவது, திருப்பிப் போடுவது எல்லாம் அவர்தான்.

ஆறு நிமிடப் பின்னூட்டத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் நிமிடம் பாடம் எடுத்தவர் பேசுவார்: எது நன்றாக வந்தது, எதை மாற்ற நினைக்கிறார். அடுத்த இரண்டு நிமிடம் வீடியோவிலிருந்து ஒரு துண்டு, அதிகம் போனால் இரண்டு. ஆறு நிமிடத்தையும் போட்டுக் காட்டினால் பேச நேரம் இருக்காது. குறிப்பெடுப்பவர் பாடம் நடக்கும்போதே ‘2.10, நல்ல கேள்வி’, ‘4.35, பலகையைப் பார்த்தே பேச்சு’ என்று நேரம் குறித்து வைத்திருந்தால் தேட வேண்டியதில்லை. அடுத்த இரண்டு நிமிடம் குறிப்பெடுத்தவரின் எண்ணிக்கைகள். கடைசி நிமிடம், மறுபாடத்தில் மாற்றப்போகும் ஒரே விஷயத்தை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது.

பிரிட்டனில் பெண்டில்டன் குழுவினர் 1984இல் வகுத்த பின்னூட்ட வரிசையின் சாயல் இது. அங்கே முதலில் நல்லவை, பிறகு மாற்ற வேண்டியவை; இரண்டிலும் செய்தவர் முதலில் பேசுவார், மற்றவர்கள் பிறகு. அப்படியே பின்பற்றினால் பாராட்டிலேயே நேரம் கரைந்துவிடுகிறது என்பதால் சுருக்கச் சொல்கிறோம்.

மதிப்பெண் வேண்டாம். ‘குரல் வளம் 7/10’ என்பதை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது. ‘கேள்வி 5, மாணவர் பதில் சொன்னது 1, ஆசிரியரே சொன்னது 4’ என்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தானே தெரியும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் பிளாண்டர்ஸ் முறை இருக்கிறது. மூன்று விநாடிக்கு ஒரு முறை, நடப்பது பத்து வகைகளில் எது என்று குறிப்பது. ஆறு நிமிடத்துக்கு 120 குறி. முதல் ஏழு வகை ஆசிரியர் பேச்சு, எட்டும் ஒன்பதும் மாணவர் பேச்சு, பத்து அமைதி அல்லது குழப்பம். பழகாதவர் நேரலையில் குறிக்க முயன்றால் தடுமாறுவார். வீடியோவைப் பார்த்துக் குறிப்பது எளிது.

உச்சரிப்பைப் பொறுத்தவரை, அந்தச் சுற்றின் திறன் அதுவல்ல என்றால் அதைப் பற்றிப் பேசவே கூடாது. நடத்துபவர் அதைத் தொடக்கத்திலேயே, மூத்தவர் காதில் விழும்படி, சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: செய்முறைத் திறனைக் கற்பிக்க இதே முறை ஒத்துவருமா? பொம்மைக் கையில் ஐவி போடுவதை எடுக்க நினைக்கிறேன். (செவிலியர் பயிற்றுநர், வேலூர்)

ஒத்துவரும். ஆனால் ஐவி போடுவது ஆறு நிமிடத்துக்குள் அடங்காது. அறுவை மருத்துவர் பெய்ட்டன் 1998இல் எழுதிய நான்கு படி முறையில், ஒரே செயல் நான்கு தடவை நடக்கும். முதல் தடவை பேச்சே இல்லாமல், வழக்கமான வேகத்தில். இரண்டாவது, ஒவ்வொரு படியையும் விளக்கிக்கொண்டு. மூன்றாவது, மாணவர் வாயால் படியைச் சொல்ல, ஆசிரியர் செய்வது. நான்காவது, மாணவரே சொல்லிக்கொண்டு செய்வது. ஆகவே ஒரு தடவைக்கு ஒன்றரை நிமிடத்துக்குள் முடியும் செயலாக வேண்டும். ஸ்டெரைல் கிளவ்ஸ் போடுவது கச்சிதமாகப் பொருந்தும்.

பெரும்பாலோர் தவறுவது முதல் படியிலும் மூன்றாவது படியிலும். முதல் படியில் வாய் சும்மா இருப்பதில்லை. மூன்றாவது படியை ‘அதான் சொல்லிட்டேனே’ என்று தாண்டிவிடுகிறார்கள். மாணவர் மனதில் படிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று தெரியும் ஒரே இடம் அதுதான்.

கேமராவை எதிரே வைக்காதீர்கள். இடம் வலம் மாறிப்போகும். செய்பவரின் தோளுக்குப் பின்னால், தோளுக்கு ஓர் அடி மேலே, கைகளை நோக்கிச் சாய்த்து வைத்தால் பார்ப்பவருக்குத் தன் கையையே பார்ப்பதுபோல் இருக்கும். செல்ஃபி கேமரா வேண்டவே வேண்டாம். நெருக்கமாக எடுத்தால்தான் உண்மையான பிழைகள் அகப்படும். முதல் கிளவ்ஸை மடித்த விளிம்பின் உட்பக்கத்தைப் பிடித்து எடுக்க வேண்டும், இரண்டாவதை, கிளவ்ஸ் போட்ட விரல்களை மடிப்புக்குள் நுழைத்துத் தூக்க வேண்டும். அப்போது கட்டைவிரல் போய் மணிக்கட்டின் வெறும் தோலைத் தொட்டுவிடும். செய்து காட்டும் ஆசிரியரே தொட்டிருப்பார், ஆனால் நேரில் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

கேள்வி: வார்டில் பெட்சைடு கிளினிக் (நோயாளியின் கட்டிலருகே நடத்தும் வகுப்பு) எடுப்பதைப் பதிவு செய்யலாமா? (சென்னை வாசகர்)

பயிற்சிக்காக வேண்டாம். எழுத்துச் சம்மதம் வாங்கினாலும், சிகிச்சைக்காகக் காத்திருக்கும் நோயாளி உங்களிடம் ‘முடியாது’ என்று சொல்வது கடினம். பக்கத்துக் கட்டிலும், கேஸ் ஷீட்டில் இருக்கும் பெயரும் தெரியாமல் சட்டத்துக்குள் வந்துவிடும். நோயாளியாக நடிக்க ஒருவரைப் பழக்கி, டெமோ அறையில் கட்டில் போட்டு எடுங்கள்.

நோயாளியே தேவைப்படாத பயிற்சி ஒன்றும் இருக்கிறது. மாணவர் கேஸ் சொல்கிறார். ஆசிரியர் ஐந்து காரியம் செய்ய வேண்டும். ‘உன் முடிவு என்ன’ என்று ஒரு நிலைப்பாடு எடுக்க வைப்பது, ‘எதை வைத்துச் சொல்கிறாய்’ என்று கேட்பது, பொதுவான ஒரு விதியைச் சொல்லித் தருவது, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுச் சொல்வது, பிழையைத் திருத்துவது. அமெரிக்கக் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் 1992இல் வெளியிட்ட இந்த முறைக்கு ஒரு நிமிட ஆசான் முறை என்று பெயர். ஒரு நிமிடத்தில் முடியாது, ஐந்து நிமிடம் ஆகும். வீடியோவில் பாருங்கள், ‘உன் முடிவு என்ன’ என்று கேட்பதற்கு முன்பே நோயின் பெயரை ஆசிரியர் சொல்லியிருப்பார்.

கேள்வி: பதிவுகளை எவ்வளவு நாள் வைத்திருப்பது? வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? (நாமக்கல் வாசகர்)

போடக் கூடாது. அங்கிருந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. மறு பின்னூட்டம் முடிந்ததும் பாடம் எடுத்தவரின் பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே ஃபோனிலிருந்து அழித்துவிடுங்கள். ‘சமீபத்தில் நீக்கியவை’ பகுதியிலிருந்தும் அழிக்க வேண்டும். மாதிரிக்காக ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பினால், அதில் தெரியும் மாணவர்களிடமும் சேர்த்து எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

கேள்வி: என் முகத்தையும் குரலையும் என்னாலேயே பார்க்க முடியவில்லை. வீடியோ இல்லாமல் செய்தால் பலன் குறையுமா? (புதுச்சேரி வாசகர்)

கொஞ்சம் குறையும். முதல் முறை பார்க்கும்போது எல்லாருக்கும் கண் போவது வயிற்றுக்கும் தலைமுடிக்கும்தான். பாடம் கண்ணில் படுவது இரண்டாவது முறைதான். ஆகவே முதல் முறை தனியாக, ஹெட்ஃபோனில், யாரும் பக்கத்தில் இல்லாமல் பார்த்துவிடுங்கள். அதற்காகவே சில இடங்களில் முந்தின நாள் ஒரு வெள்ளோட்டப் பதிவு எடுக்கிறார்கள்: பெயர், துறை, சாப்பிட்ட டிபன் என்று ஒரு நிமிடம் பேசினால் போதும். அதுவும் முடியவில்லை என்றால் ஒலிப்பதிவு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளர்வினா பழக அதுவே போதும்; காத்திருந்த விநாடிகள் காதிலேயே கேட்கும்.